காய்ச்சலோடு ஆடுவது குறித்து என்பிஏவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏவின் ஆணையர் ஆடம் சில்வர் அவர்களுக்கும், அணிகளின் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். பள்ளி மாணவர்களுக்குக் கூடைப்பந்து கற்றுத்தருபவன் நான். 1997 ஜூன் 11 அன்று சால்ட் லேக் சிட்டியில் நடந்த இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தை என் மாணவர்கள் கைப்பேசியில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். தொடர் இரண்டுக்கு இரண்டு என்று சமனில் இருந்த நிலையில், காய்ச்சல் என்று அன்று சொல்லப்பட்ட நோயால் துவண்டிருந்த மைக்கேல் ஜோர்டான் 44 நிமிடங்கள் ஆடி 38 புள்ளிகள் எடுத்தார். இரண்டாம் கால்பகுதியில் 16 புள்ளிகள் பின்தங்கியிருந்த அவருடைய சிகாகோ புல்ஸ் அணி, 90-88 என்ற கணக்கில் யூட்டா ஜாஸை வென்றது. கடைசி நிமிடத்தில், எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலான ஃப்ரீ த்ரோ ஒன்றைப் போட்டு 85-85 என்று சமன் செய்து, அடுத்ததைத் தவறவிட்டு, அந்தப் பந்தைத் தானே கைப்பற்றி, 25 வினாடிகள் எஞ்சியிருக்கையில் மூன்று புள்ளிகளைப் போட்ட அதே மனிதர், ஆட்டம் முடியும் தறுவாயில் சக வீரர் ஸ்காட்டி பிப்பன் மீது சரிந்தார். அந்த நெஞ்சுரத்தை நானும் வணங்குகிறேன்.

ஆனால் சென்ற ஆண்டு ஒரு போட்டிக்கு முன், என் அணிச் சிறுவன் ஒருவனின் கையைப் பிடித்தபோது அனலாய்க் கொதித்தது. பாரசிட்டமால் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தான். உட்காரச் சொன்னதும், "ஜோர்டான் ஆடலையா சார்?" என்று கேட்டான். மாத்திரை உடல் சூட்டைத்தான் தணிக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது என்றும், வைரஸ் தொற்று இதயத்தசையைத் தாக்கியிருக்கும் வேளையில் கடுமையாக ஓடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம் என்றும் விளக்கினேன். அவன் அழுதான்.

ஜோர்டானைப் படுத்தியது காய்ச்சல் அல்ல, முந்தைய இரவு உண்ட பீட்சாதான் என்று அவருடைய தனி உடற்பயிற்சியாளர் டிம் குரோவர் பின்னாளில் சொன்னார். எதுவாயினும், "ஃப்ளூ கேம்" (காய்ச்சல் ஆட்டம்) என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பெயரில் காலணிகூட விற்பனையாகிறது.

தலையில் அடிபட்ட வீரர், தான் நலமாக இருப்பதாகச் சொன்னாலும், உங்கள் விதிப்படி மருத்துவர் அனுமதியின்றிக் களமிறங்க முடியாது. 2020 மார்ச் 11 அன்று, அதே யூட்டா அணியின் ரூடி கோபேருக்குக் கொரோனா உறுதியானதும், தொடங்கவிருந்த ஆட்டத்தையும் அன்றிரவே பருவம் முழுவதையும் நிறுத்திவைத்தீர்கள். இவ்வளவு செய்ய முடிந்த உங்களால், காய்ச்சலுடன் இருக்கும் வீரர் ஆடலாமா என்ற முடிவை, இறுதிப் போட்டியானாலும், வீரரிடமும் பயிற்சியாளரிடமும் விடாமல் அணியைச் சாராத மருத்துவரிடம் ஒப்படைக்க முடியாதா? வெற்றிக்காக ஏங்கும் வீரர் தம் உடலைப் பற்றி நேர்மையாகத் தீர்ப்புச் சொல்வார் என எதிர்பார்ப்பது அவருக்கே இழைக்கும் அநீதி.

அந்தப் பழைய ஆட்டத்தை மறுபடி ஒளிபரப்பும்போதெல்லாம், காய்ச்சலோடு ஆடுவதன் ஆபத்தை மருத்துவர் ஒருவர் ஒரு நிமிடம் விளக்கட்டும் என்றும் வேண்டுகிறேன். அப்படியொரு ஒளிபரப்பு வந்தால், அதை முதலில் அந்தச் சிறுவனுக்குத்தான் போட்டுக்காட்டுவேன்.

அன்புடன்,
ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர்