நூறு வருஷம் ஆகுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த மீன்பிடிக் கட்டுரையைப் படித்தேன். டெக்சாஸில் லேக் ஃபோர்க் ஏரி, காசு கொடுத்தால் விடிகாலையில் படகோடு வந்து நிற்கும் வழிகாட்டி, மீன் எங்கே நிற்கிறது என்று காட்டும் சோனார் திரை, நாள் முழுக்கப் பாஸ் மீனுக்குத் தூண்டில். அங்கே 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் நடுவில் உள்ள பாஸைத் திரும்பத் தண்ணியில் விட்டாக வேண்டும் என்ற விதியையும் சொல்லியிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்மூர் மீனவர்களுக்கு இந்தப் பக்குவம் வர இன்னும் நூறு வருஷம் ஆகும்" என்று கடைசியில் ஒரு வரி. ஏன் சார் அது?

கட்டுரையாளர் பழவேற்காடு வரை வந்து கேட்டிருக்கலாம், டெக்சாஸை விடக் கிட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே பாடு முறை இருப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. இறால் விழும் இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதிலும் சண்டை உண்டு, சேர்க்கப்படாதவர்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அது எந்த அதிகாரியும் வந்து சொல்லிக்கொடுத்ததில்லை. மீன்பிடித் தடைக்காலம் என்று விசைப்படகுகள் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் காசிமேட்டில் கட்டிக்கிடக்கின்றன. அப்போது நீங்கள் போடும் செய்தி, மீன் விலை ஏறிவிட்டது என்பதுதான்.

வழிகாட்டி விஷயத்துக்கு வருகிறேன். என் மச்சான் எண்ணூர் கழிமுகத்திலேயே வளர்ந்தவர். கொடுவா எந்தத் தண்ணிக்கு வரும், பாலத்துக் கால் ஓரம் எப்போது ஒதுங்கும் என்று திரை எதுவும் இல்லாமல் சொல்வார். சிட்டியிலிருந்து விலை உயர்ந்த தூண்டில்களோடு வந்த ஒரு கோஷ்டியைக் கூட்டிக்கொண்டு போனார், நானும் படகில் இருந்தேன். பெரிய கொடுவா ஒன்று மாட்டியது. கொடுவா முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன். இவ்வளவு பெரிசு பெட்டையாகத்தான் இருக்கும், சினை போடுகிறது, விட்டுவிடலாம் என்று சொன்னது மச்சான்தான். அவர்கள் போட்டோ எடுத்துவிட்டு ஐஸ் பெட்டிக்குள் திணித்தார்கள். கரைக்கு வந்து கூலி கேட்டால், "டீசலுக்கு மட்டும் தர்றோம்ணே" என்கிறார்கள். படித்தவர்கள், பக்குவமானவர்கள்!

அந்தக் கழிமுகமாவது உருப்படியாக இருக்கிறதா? 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் எண்ணெய் வந்து வலை, படகு, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பாகிக் கிடந்தன. அனல்மின் சாம்பல் படிந்து படகு தட்டுகிற இடங்கள் வேறு. கடைசியில் மீன் குறைந்ததற்குப் பழி மட்டும் வலைக்காரன் மேல்.

கட்டுரையாளருக்கு உள்ளூர் வழிகாட்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறேன். டீசல் தனி, கூலி தனி.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். முன்பெல்லாம் உள்பக்கத்தில் காசிமேட்டு மீன் விலையும் கடல் காற்றின் வேகமும் ஒரு சின்னக் கட்டத்தில் வரும். அதை எடுத்துவிட்டு ராசிபலனைப் பெரிசாக்கிவிட்டீர்கள். தினமும் முடியாவிட்டால் சனிக்கிழமையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
எண்ணூர், சென்னை