கெர்னல் கொடுக்கும் பேஜும் என்க்ளேவின் சிட்டையும்

சரவணம்பட்டி,
கோவை.

அன்புள்ள மாப்பிள்ளை சென்னியப்பனுக்கு,

கடிதம் வந்து சேர்ந்தது. மஞ்சள் நட்டாச்சு, வாய்க்காலிலும் தண்ணீர் வந்தாச்சு என்றிருந்தாய், சந்தோஷம். இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னலைப் பிடுங்குகிறது.

சரி, நீ கேட்ட சோலிக்கு வருகிறேன். எஸ்ஜிஎக்ஸ் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல்கூட எட்டிப் பார்க்க முடியாதபடி நிரலையும் தரவையும் பூட்டி வைக்கும் இன்டெல் சிப் வசதி) என்க்ளேவுக்கு, அதாவது அந்தப் பூட்டிய நினைவகப் பகுதிக்கு, 1 ஜிபி ஹீப் (நிரல் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் நினைவகம்) கொடுத்தால் கிளம்பவே நேரமாகிறது என்கிறாய். பழைய எஸ்ஜிஎக்ஸ்1 முறையில் அப்படித்தான் ஆகும். ஈஇனிட் (என்க்ளேவைத் தொடங்கி வைக்கும் சிப் கட்டளை) முடிந்த பிறகு ஒரு பேஜ்கூட, அதாவது ஒரு நினைவகத் துண்டுகூட, சேர்க்க முடியாது என்பதால் மொத்த ஹீப்பையும் முன்கூட்டியே ஈஆட் (பேஜ் சேர்க்கும் கட்டளை) செய்தாக வேண்டும். 1 ஜிபி என்றால் 4 கேபி பேஜ்கள் 2,62,144. உள்ளடக்கத்தையும் அளப்பதானால் (என்ன ஏற்றினோம் என்று சிப் குறித்துக்கொள்வதானால்), அதற்கான ஈஎக்ஸ்டெண்ட் கட்டளை ஒரு தடவைக்கு 256 பைட்தான் எடுக்கும். பேஜுக்கு 16 வீதம் 41,94,304 தடவை ஓட வேண்டும். அளக்காமல் விட்டால், ஹோஸ்ட் (என்க்ளேவுக்கு வெளியே இருக்கும் சர்வர்) அந்தப் பேஜில் எதை வேண்டுமானாலும் எழுதி வைத்திருக்கலாம். அப்புறம் உள்ளே போய் நீயே பூஜ்யம் அடிக்க வேண்டியதுதான். போதாததற்கு, 128 எம்பி ஒதுக்கிய பழைய சிப்களில் ஈபிசி (என்க்ளேவ் பேஜ்கள் தங்கும் தனி நினைவகம்) சுமார் 93 எம்பிதான் கையில் நிற்கும். ஏற்றும்போதே கெர்னல் பழைய பேஜ்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு கன்றுக்குட்டி வாங்குவதற்கு முன்னால் நூறு மாட்டுக்குக் கட்டுத்தரை போட்ட கதை.

எஸ்ஜிஎக்ஸ்2 இதை மாற்றியது: என்க்ளேவ் ஓடும்போதே பேஜ் சேர்க்கலாம். லினக்ஸில் எஸ்ஜிஎக்ஸ் டிரைவர் 5.11-இல் (2021) வந்தது, இந்த டைனமிக் பேஜ் வசதி 6.0-இல் (2022) சேர்ந்தது. ஈஆக் (ஓடும் என்க்ளேவுக்குக் கெர்னல் பேஜ் சேர்க்கும் கட்டளை) செய்யத் தனி ஐஆக்டல் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) எதுவும் இல்லை. பேஜ் ஃபால்ட் (தொட்ட முகவரியில் பேஜ் இல்லை அல்லது அனுமதி இல்லை என்று சிப் கெர்னலை அழைப்பது) வழியாகத்தான் நடக்கும். என்க்ளேவ் இன்னும் பேஜ் இல்லாத முகவரியில் ஈஅக்செப்ட் (பேஜை ஏற்கிறேன் என்னும் கட்டளை) போடுகிறது. ஃபால்ட் ஆகி வெளியே வருகிறது. கெர்னல் ஈபிசியில் ஒரு பேஜ் எடுத்து ஈஆக் செய்கிறது. திரும்ப உள்ளே போனதும் அதே ஈஅக்செப்ட் மறுபடி ஓடி வெற்றி பெறுகிறது. வரும் பேஜ் பூஜ்யமாக, படிக்க எழுத மட்டும் அனுமதியோடு, என்க்ளேவ் ஏற்கும்வரை நிலுவை நிலையில் இருக்கும். அதில் நிரலை வைத்து ஓட்ட வேண்டுமானால், உள்ளடக்கத்தையும் அனுமதியையும் சேர்த்தே வைக்கும் ஈஅக்செப்ட்காப்பி இருக்கிறது.

பலர் தடுக்கி விழுவது இந்த வரிசையில்தான். ஈஅக்செப்ட் போடாமல் நேரே அந்த முகவரியில் எழுதினால், முதல் ஃபால்ட்டில் கெர்னல் பேஜைக் கொடுத்துவிடும். அடுத்த தடவை பேஜ் இருந்தும் நிலுவையில் நிற்பதால் மறுபடி ஃபால்ட். எர்ரர் கோடில் 15ஆம் பிட் (காரணம் எஸ்ஜிஎக்ஸ் என்று காட்டுவது) ஏறியிருக்கும், கைக்குக் கிடைப்பது செக்ஃபால்ட் (நினைவக அத்துமீறல் பிழை). எர்ரர் கோடைப் பார்க்காமல் பாயிண்டர் பிழை என்று தேடினால் இரண்டு நாள் வீண்.

இதைச் சரிசெய்கிறேன் என்று, எந்த முகவரியில் ஃபால்ட் வந்தாலும், என்க்ளேவுக்குள் அதைக் கையாளும் ஹேண்ட்லரிலேயே ஈஅக்செப்ட் போட்டுவிடலாம் என்று உனக்கும் தோன்றும். செய்துவிடாதே மாப்பிள்ளை. என்க்ளேவைப் பொறுத்தவரை கெர்னல் நம்பத் தகாத ஆள். த்ரெட்கள் எல்லாம் வெளியே இருக்கும் நேரம் பார்த்து ஒரு பேஜை ஈரிமூவ் (நீக்கும் கட்டளை) செய்து, அதே இடத்தில் புதிதாக ஈஆக் செய்தால் சிப் தடுக்காது. உன் ஹேண்ட்லரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும். உள்ளே இருந்த சாவியோ லாக்கோ பூஜ்யமாகிவிடும். ஈரோட்டு மண்டியில் மூட்டை இறங்கினால் எடை போட்டுச் சிட்டையில் ஏற்றுவார்களே, அதுபோல் எந்தப் பேஜை ஏற்கெனவே வாங்கினோம் என்ற சிட்டை என்க்ளேவுக்குள்ளேயே இருக்க வேண்டும். பேஜுக்கு ஒரு பிட் போதும். 1 ஜிபிக்கு 32 கேபிதான். பிட் ஏறியிருக்கும் பேஜ் மறுபடி நிலுவையில் வந்தால் வாங்காதே, என்க்ளேவை நிறுத்து.

திருப்பிக் கொடுப்பதிலும் இரு பக்கமும் சம்மதிக்க வேண்டும். முதலில் ஐஆக்டல் மூலம் பேஜ் வகையை ட்ரிம் (நீக்கப்போவது) ஆக்கு. கெர்னல் ஈமாட்-டி (வகையை மாற்றும் கட்டளை) செய்து, ஈட்ராக் (பழைய முகவரிகள் துடைக்கப்பட்டதா என்று கண்காணிக்கும் கட்டளை) போட்டு, டிஎல்பியில் (சிப் முகவரிகளை நினைவில் வைக்கும் இடம்) பழைய முகவரி மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளும். பிறகு உள்ளே போய் ஈஅக்செப்ட். கெர்னல் அந்தத் துடைப்பை முடிக்காவிட்டால் இது தோற்கும், அதாவது கெர்னலின் வேலையைச் சிப்பே சரிபார்க்கிறது. உன் சிட்டையில் பிட்டை இறக்கு. கடைசியாக நீக்கும் ஐஆக்டல். நடுவில் ஈஅக்செப்ட்டை விட்டால் கடைசிப் படி ஈபெர்ம் (அனுமதி இல்லை) என்று மறுத்துவிடும். ஓடும் த்ரெட்களை இது இடைஞ்சல் செய்யும் வேலை, ஆகவே ஒவ்வொரு ஃப்ரீக்கும் (நினைவகத்தை விடுவிப்பதற்கும்) செய்யாமல் சேர்த்து வைத்துப் பெரிய துண்டாகக் கொடு.

ஈபிசி குறையும்போது நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். காலிப் பேஜ் 32க்குக் கீழே இறங்கினால் கேஎஸ்ஜிஎக்ஸ்டி என்ற கெர்னல் த்ரெட் எழுந்து, 64 வரும்வரை தடவைக்கு 16 பேஜ் பார்த்து வெளியே தள்ளும். காலியே இல்லாத நேரத்தில் வந்த ஈஆக் ஃபால்ட் அங்கேயே காத்திருக்காது. திரும்பிப் போய் மறுபடி ஃபால்ட் ஆகும். தூரத்திலிருந்து பார்த்தால் த்ரெட் சும்மா சுற்றுவதுபோல் தெரியும். வெளியே தள்ளும் ஒவ்வொரு பேஜுக்கும் 8 பைட் பதிப்பு எண் வேண்டும்; அதை வைக்கும் விஏ பேஜ் ஒன்றில் 512 இடம். 1 ஜிபிக்கு 512 விஏ பேஜ், 2 எம்பி ஈபிசி அதற்கே போய்விடும். கணக்குப் போடும்போது இதை விட்டுவிடாதே.

என் யோசனை: கிளம்பும்போது நிச்சயம் தொடும் அளவை மட்டும் ஈஆட் செய். மிச்சத்தை ஃபால்ட் வரும்வரை காத்திராமல், ஹீப் வளரும் இடத்திலேயே 64 பேஜ் வீதம் வரிசையாக ஈஅக்செப்ட் போட்டு எடு. ஃபால்ட் எண்ணிக்கை குறையாது, ஆனால் எப்போது வாங்குகிறோம் என்பது உன் கையில் இருக்கும்.

முதலில் அந்தச் சர்வரில் சிபியுஐடி (சிப் தன் வசதிகளைச் சொல்லும் கட்டளை) 12 ஹெக்ஸ் லீஃப், சப்லீஃப் 0, ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டரை எடுத்துப் பார். பிட் 0 எஸ்ஜிஎக்ஸ்1, பிட் 1 எஸ்ஜிஎக்ஸ்2. பிட் 1 இல்லையென்றால் மேலே எழுதியதில் பாதி உனக்கு உதவாது. பார்த்துவிட்டு எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
குமரேசன்