மூன்றாவது பிளேட் உன்னிடம்தான் இருக்கிறது

திருநகர், மதுரை

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். உன் சர்க்கரை எவ்வளவு என்று நான் கேட்கப்போவதில்லை, என்னுடையதை நீயும் கேட்காதே. பேத்தி பள்ளிக்கூடம் போன போட்டோ வந்தது. அந்த முழி அப்படியே உன் அம்மா முழி.

விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோ மாமா வீட்டை இடிக்கிறார்கள். அத்தை பெரியவனோடு சென்னைக்குப் போய்விட்டாள். திருமங்கலத்து வீடு சின்னவன் பங்கு. கீழே கடை, மேலே வீடு என்று அவன் பிளான் போட்டுவிட்டான். நம்மைத் தோளில் தூக்கவைத்து ஊர் ஊராக மரத்தில் கட்டச்சொன்ன அந்தக் குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், சீரியல் பல்புச் சரம் எல்லாம் காயலான் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. கிராமபோன் பாட்டு பிளேட்டை மட்டும் கடைக்காரர் தொடமாட்டேன் என்றிருக்கிறார். இரும்பில்லை, பித்தளையில்லை, பேப்பருமில்லை, அவருக்கு எதற்கு? அதற்கப்புறம்தான் சின்னவனுக்கு என் ஞாபகம் வந்தது. “அண்ணே, வந்து எடுத்துக்கிறீங்களா, இல்ல குப்பை வண்டில போட்டுரவா” என்று கேட்டான். கேட்டானே, அதுவரைக்கும் புண்ணியம்.

போய்ப் பார்த்தால் வயிறு எரிகிறது. பிளேட்டைப் படுக்கப்போட்டு அடுக்கக்கூடாது, நிறுத்தித்தான் வைக்கவேண்டும் என்று மாமா நம்மை எத்தனை தடவை திட்டியிருப்பார்! அவர் கண்ணை மூடினதும் யாரோ எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து மேலே பழைய ஆட்டுக்கல் குழவியையும் ஏற்றியிருக்கிறார்கள். அடியில் இருந்தவை விரிசல். உறையெல்லாம் கரையான். ஆனாலும் பாதிக்குமேல் தேறும். கம்பெனி வாரியாகப் பார்த்தால் நாய் மார்க் எச்.எம்.வி. நிறைய, கொலம்பியா கொஞ்சம், ஓடியனும் இருக்கிறது. ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், உன் தங்கச்சி வாசலிலேயே மறித்தாள். “இதுக்கு நீங்க தனியா ஒரு வீடு பாத்துக்குங்க” என்றாள். அது வழக்கம்தானே, விடு.

கழுவுவதில் ஒரு கலாட்டா. மச்சினன் பாசத்தோடு ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சுமாக வந்துவிட்டான். நல்லவேளை, திறப்பதற்குள் பிடுங்கினேன். பிளேட் அரக்கு மாப்ளே, ஸ்பிரிட்டில் கரையும். தச்சுவேலைக்காரர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பாலீஷ் போடுகிறார்கள். துடைத்திருந்தால் நம்ம நாடகப் பாடகர் கிட்டப்பா பஞ்சோடு வந்திருப்பார். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, லேபிளில் ஈரம் படாமல் ஒரு கை. அவ்வளவுதான் வைத்தியம்.

போட்டுக் கேட்பது அக்கா மகனின் மெஷினில். பின்னால் வந்த எல்பி தட்டு ஊசி இதற்கு ஆகாது, மெல்லிசு, தடத்தின் அடிக்குப் போய்த் தூசியைத்தான் வாசிக்கும். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற இந்த பிளேட்டுக்கென்று தடித்த ஊசி தனியாக வருகிறது, அதை வாங்கிப் போட்டோம். மாமாவின் கீ கொடுக்கிற பெட்டியும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் அந்த இரும்பு ஊசியை இனிமேல் இந்த பிளேட்டுகளில் வைக்க மனசு வரவில்லை. தட்டில் கல்தூள் கலந்திருக்கும், ஊசி தேய்ந்து தடத்துக்குப் பொருந்தட்டும் என்றே அப்படிச் செய்தார்கள், அதனால்தான் பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றச் சொன்னார்கள். நம்ம மாமா ஒரே ஊசியில் ஒரு கல்யாணத்தையே முடித்துவிடுவார். அந்தக் கல்யாணங்கள் எல்லாம் இப்போது கரகரப்பாகக் கேட்கின்றன.

சரி, இப்போது சண்டைக்கு வா. கிட்டப்பாவின் ‘காமி சத்யபாமா’ இருக்கிறது. அதை 78 சுற்றில் வைத்துக் கேட்டேன். பிறகு நீ போன வருஷம் அனுப்பிப் பெருமையடித்தாயே, அந்தப் பதிவைக் கேட்டேன். உன்னுடையது கிட்டத்தட்ட அரைக்கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் அடுத்த கட்டை அளவுக்கு, மேலே நிற்கிறது. எவனோ வேகத்தை ஏற்றி ஓட்டிப் பதிந்திருக்கிறான், நீயும் “மனுஷத் தொண்டையா இது” என்று உருகியிருக்கிறாய். கணக்கு ரொம்ப எளிது. 78-க்குப் பதில் 82, 83 சுற்று ஓடினால் போதும், சுருதி முழுசாக அரைக்கட்டை ஏறிவிடும். பாட்டும் அந்த அளவுக்குச் சீக்கிரம் முடியும். கிட்டப்பாவுக்கு உன் தயவில் உச்சஸ்தாயி வேண்டாமப்பா, அவருடையதே போதும், மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிய ஆள்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நாடகப் பாட்டு என்றால் ஹார்மோனியம் இருக்கும். நம் வீட்டுப் பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டு, பிளேட்டில் கேட்கிற சுருதி எந்தக் கட்டையில் விழுகிறது என்று பார்ப்பேன். ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் தொங்கினால் வேகம் தப்பு, அங்கே கட்டையே கிடையாது, யாரும் வாசித்திருக்க முடியாது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அக்கா மகன் மடக்கினான்: “மாமா, சரியா அரைக்கட்டை தப்பியிருந்தா?” பயல் கேட்டது நியாயம்தான். அப்போது ஹார்மோனியம் காட்டிக்கொடுக்காது, அடுத்த கட்டையில் சமத்தாக உட்கார்ந்துவிடும். அந்தக் காலத்துப் பெட்டி எல்லாம் ஒரே மாதிரி சுருதி கூட்டினவையும் இல்லை. அங்கே காதுதான் தீர்ப்பு. வார்த்தையைக் கேள், ‘ர’வும் ‘ழ’வும் ஒரு வளர்ந்த ஆண் வாயில் வருகிற மாதிரி வருகிறதா, மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பி கும்மென்று விழுகிறதா என்று பார். உன் பதிவில் தொப்பி டொக் டொக் என்கிறது.

அக்கா மகனோடு இன்னொரு வழக்கும் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் இரைச்சலை எடுக்கிறேன் என்று ஆரம்பித்தான். முதலில் அற்புதமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவன் துடைக்கத் துடைக்க ஜால்ரா காணாமல் போனது, பாட்டுக்காரர் மூச்சு வாங்குவது போனது, கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. துடைக்காததை ஒரு பிரதி அப்படியே வைத்துக்கொள், துடைத்ததைத் தனியாக வை என்று உடன்படிக்கை போட்டிருக்கிறோம். இரைச்சலோடு கேட்கப் பழகிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் காது அதைத் தள்ளிவிடுகிறது.

எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில், 1926-ல், அம்மா சண்முகவடிவு வீணை வாசிக்கப் பாடிய ‘மரகத வடிவும்’ பிளேட் கிடைக்குமா என்று பெட்டியின் அடிவரை கிளறினேன். இல்லை. அனுமந்தராயன் கோயில் தெருவில் அவர்கள் வீட்டு வாசலில் எத்தனை நாள் சைக்கிளை நிறுத்திக் கதை பேசியிருப்போம், வீட்டு நெற்றியில் இருக்கிற வீணையை ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்தோமா? நம் கவனமெல்லாம் ரீகல் தியேட்டரில் ஆறு மணிக்கு என்ன படம் என்பதில்தான்.

இனி நான் சொல்வதைக் கிண்டல் இல்லாமல் படி. ஒரு பிளேட் இருக்கிறது. லேபிள் சுத்தமாகத் தேய்ந்துவிட்டது, ஒரு எழுத்து தெரியவில்லை. ஒரு பெண் பாடுகிறார். தூரத்திலிருந்து வருகிற மாதிரி ஒடுங்கிய சத்தம், 1925-க்குப் பிறகுதான் மின்சார மைக்கில் பதிய ஆரம்பித்தார்கள், இது அதற்கு முந்தைய புனல் பதிவாக இருக்கவேண்டும். புனலுக்குள் முகத்தை நீட்டிக் கத்திப் பாடவேண்டும், மூன்று மூன்றரை நிமிஷத்துக்குள் முடிக்கவேண்டும், தப்பினால் மறுபடி புது மெழுகுத் தட்டில் பதியவேண்டும். இத்தனைக்கும் நடுவில் அந்த அம்மாள் கடைசி வரியில் ஒரு சின்னச் சிரிப்போடு குழைகிறார். யார்? தெரியவில்லை. 1902-ல் கல்கத்தாவில் பாடகி கோஹர் ஜான் பாடி முடித்ததும் “மை நேம் இஸ் கோஹர் ஜான்” என்று சொன்னாரே, அது பந்தா இல்லை, ஜெர்மனியில் ஹானோவரில் தட்டு அடிக்கிறவனுக்குப் பாடினது யார் என்று தெரியவேண்டுமே என்பதற்காக. நம்ம அம்மாள் அதுகூடச் சொல்லவில்லை. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி என்று அந்தத் தலைமுறையில் பேர் தெரிந்தவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கேட்கிறேன், ஒத்துப்போகவில்லை. பேர் தெரிகிற யாரோ எங்கேயோ இருக்கலாம். அவர் காதுக்கு இது போய்ச் சேரவேண்டும்.

அதனால்தான் எல்லாவற்றையும் பதிந்து பொதுவில் போடப்போகிறேன். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளட்டும். நீ போனில் சொன்னாய், “எல்லாருக்கும் குடுத்துட்டா அப்புறம் அதுக்கு என்னடா மதிப்பு” என்று. என் காது கூசியது. பதிவின் உரிமைப் பிரச்சினையும் கிடையாது, நம் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 60 வருஷம்தான், இவையெல்லாம் தாண்டிப் பல காலம் ஆகிறது. பின்னே யாருக்குப் பயந்து பூட்டிவைப்பது? ஒருவர் பதிவைக் கேட்டேன், பாட்டுக்கு நடுவில் மூன்று இடத்தில் அவருடைய போன் நம்பரை அவரே சொல்கிறார். கிட்டப்பா மூச்சு எடுக்கிற இடம் பார்த்து நுழைகிறார்! நீயும் அந்தக் கட்சியா?

கிட்டப்பா 1933-ல் போனார், 27 வயது. தமிழ்ப் பேசும்படம் வந்து இரண்டே வருஷம், ஒரு படத்திலும் அவர் இல்லை. அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அதற்கப்புறம் வெள்ளைச் சேலைதான். அந்த அம்மாளையாவது படத்தில் பார்த்துவிடலாம். கிட்டப்பா என்றால் இந்தத் தட்டுகள் மட்டும்தான் மாப்ளே, கை நழுவினால் இரண்டாக உடைகிற சாமான். பதிந்து பத்துப் பேரிடம் இருந்தால் ஒருவர் கை நழுவினால் பரவாயில்லை.

இப்போது உன் கணக்கு. மாமாவின் வள்ளி திருமணம் செட்டில் மூன்றாவது பிளேட் இல்லை. வேடன் வந்து தினைப்புனத்தில் நிற்கிறான், வள்ளி “யாரடா நீ” என்கிற கட்டத்தில் இரண்டாவது முடிகிறது. நான்காவதை வைத்தால் யானை வந்துவிட்டது. நடுவில் தர்க்கம் முழுக்க உன் வீட்டு மச்சில் இருக்கிறது. உன் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிப்போனாய், தங்கை இப்போது பாட்டியாகிவிட்டாள். மாமா சாகிற வரைக்கும் “அவன் தந்துருவாண்டா” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லவில்லை.

வைகாசியில் அக்கா பேத்தி கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா, கையோடு கொண்டுவா. பார்சலில் போட்டுவிடாதே. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துத் துண்டில் சுற்று, பஸ்ஸில் மடியிலேயே இருக்கட்டும், ஜன்னல் வெயில் படவேண்டாம், வளைந்துவிடும். துடைக்கிறேன் என்று எதையும் தொடாதே. ஊசி வைத்துப் பார்க்கவும் வேண்டாம், முதலில் பதிந்துகொள்வோம், பிறகு நான் உனக்கே திருப்பித் தந்துவிடுகிறேன், உன் மதிப்போடு பூட்டி வைத்துக்கொள். என் தங்கச்சிக்குப் போன் பண்ணி எந்தப் பெட்டி என்று சொல்லிவிட்டேன். அவளே எடுத்து வைப்பாள்.

உன் பங்காளி