பினாங்கைச் சுத்தின நூல்

டேய் செல்வா,

பசியாறிட்டியா, முட்டி வலி தேவலையா? நான் அனுப்பின படத்தைப் பாத்துட்டு கலைடோஸ்கோப் மாதிரி இருக்குன்னியே, அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

அது கோலாலம்பூர் பக்கம் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்துல எடுத்தது. காப்பூர் மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்தா ஒரு மரத்து இலை பக்கத்து மரத்தைத் தொடவே தொடாது, நடுவுல வெளிச்சம் வாய்க்கா மாதிரி கிளை கிளையா பிரிஞ்சு ஓடும். காத்துல உரசி நுனி ஒடியுதுங்கறாங்க சிலர், பக்கத்து நிழல் பட்டதும் தானே நின்னுக்குதுங்கறாங்க சிலர். எனக்கு ரெண்டாவதுதான் புடிச்சிருக்கு, நம்ம தாமான்ல வேலி தாண்டி மாமரம் விடற ஆளுங்கள நினைச்சா.

ஆனா கலைடோஸ்கோப் வேறடா. பேத்தியோடது விழுந்து உடைஞ்சுது, உள்ள பாத்தா மூணு கண்ணாடிப் பட்டை, கொஞ்சம் கலர் பிளாஸ்டிக், அவ்ளோதான். 1816ல ஸ்காட்லாந்துக்காரர் புரூஸ்டர் கண்டுபிடிச்சதும் கண்ணாடி வித்தைதான், ரெண்டு கண்ணாடிய 60 டிகிரியில வச்சா ஒண்ணு ஆறா தெரியும், 45ன்னா எட்டு. எல்லாம் ஒரே சைஸ். காப்பூர் இடுக்குல பெரிய பிளவுல இருந்து சின்னது, அதுல இருந்து இன்னும் சின்னது. இப்படிப் பெருசுல இருக்கற அதே உருவம் சின்னதுலயும் திரும்பத் திரும்ப வர்றதுக்கு, மாண்டல்பிராட்னு ஒரு கணித ஆய்வாளர் 1975ல வச்ச பேருதான் ஃபிராக்டல்.

அதைப் படிக்கறப்பதான் நம்ம நூல் ஞாபகம் வந்துச்சு. பாரம் டூல சார் பினாங்குத் தீவைச் சுத்தி அளக்கச் சொன்னாரே? நான் சுவர் மேப்புல ஒவ்வொரு வளைவுக்கும் நூலை நெளிச்சேன், நீ அட்லஸ்ல கட்டைவிரல் சைஸ் தீவை ஒரே சுத்துல முடிச்ச. ஸ்கேல் போட்டுப் பாத்தா என்னுது எவ்ளோ ஜாஸ்தி! ரெண்டு பேருக்கும் முட்டை, நான் உன்ன ஒரு வாரம் திட்டினேன்.

ரிச்சர்ட்சன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் பாத்தாராம், ஸ்பெயின் போர்ச்சுகல் நடுவுல உள்ள ஒரே எல்லை ஒரு கணக்குல 987 கிலோமீட்டர், இன்னொன்னுல 1,214. அளக்கற குச்சி சின்னதாக ஆக நீளம் ஏறிக்கிட்டே போகும். மாண்டல்பிராட் 1967ல பிரிட்டன் கரைய வச்சு எழுதினதும் இதைத்தான்.

நீயே போட்டுப் பாரு. ஒரு முக்கோணம், ஒவ்வொரு பக்கத்தையும் மூணா பிரிச்சு நடுத்துண்டு மேல குட்டி முக்கோணம், அடிக்கோட்டை அழிச்சிடு, திரும்பத் திரும்ப அதே. 1904ல காக்னு ஒரு சுவீடன் கணக்குக்காரர் போட்ட கோலம். ஒரு சுத்துக்கு நீளம் 4/3 மடங்கு, பத்து சுத்துல கிட்டத்தட்ட 18 மடங்கு, ஆனா உள்ள இருக்கற இடம் 1.6 மடங்கைத் தாண்டவே தாண்டாது. மாமாக் கடையில பில் பின்னாடி போட்டேன், நாலாவது சுத்துல பென்சில் முனை பத்தல, தேத்தாரிக்கும் ஆறிப்போச்சு.

அந்த அட்லஸ் அம்மா வீட்டு அலமாரியில இருந்தா தூக்கிப் போட்டுடாத. தீபாவளிக்கு வர்றேன், நூல் நான் கொண்டாறேன்.

உன்
குமார்