காய்ச்சல் முகாமில் சர்க்கரையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

மழைக்காலக் காய்ச்சல் முகாம்கள் பற்றிய செய்தியைப் படித்தேன். நிலவேம்புக் குடிநீர், பாராசிட்டமால், கொசு மருந்து எல்லாம் சரி. வருபவரின் உடல் பருமனையும் சர்க்கரையையும் யாராவது கேட்கிறார்களா? பருமனானவர்களுக்கு நோய் கடுமையாவது 2009 பன்றிக் காய்ச்சலின்போதே தெரியவந்தது. 2020-இல் கொரோனா அதை மறுபடி காட்டியது. தொந்தி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசையை மேலே தள்ளுவதால் நுரையீரலின் அடிப்பகுதி முழுதாக விரிவதில்லை. கொழுப்புத் திசுவால் ஓயாமல் நீடிக்கும் அழற்சியில் எதிர்ப்பாற்றலும் தடுமாறுகிறது. இதில் சர்க்கரையும் ஏறினால் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும்.

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "ரெண்டு நாளா கஞ்சிதான், அதனால சுகர் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றபடி காய்ச்சல் மாத்திரை கேட்பவர்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் வருகிறார்கள். சரியாகச் சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலில் சர்க்கரை ஏறக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. (சில மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கலாம்தான்; அதை மருத்துவர் சொல்ல வேண்டும்.) 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரை தருகிறது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குக் காய்ச்சல் கண்ட முதல் நாளே குளுக்கோமீட்டரில் ஒரு சோதனை, மழைக்கு முன்பே இலவச ஃப்ளூ தடுப்பூசி என இரண்டையும் சுகாதாரத் துறை அதிலேயே சேர்க்கலாம்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்