எஞ்சினை இறக்கும் முன்: செட்டிநாட்டுப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் பட்டறை நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கு,

வணக்கம். முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும் வீட்டுக்காரர்கள் கொட்டகையில் நிற்கும் பழைய அம்பாசிடரைக் காட்டி, "பெரிய எஞ்சினாப் பாத்துப் போட்டுருங்க, ஏசி ஓடணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நாமும் 1489 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு 1817 சிசி இசுசு எஞ்சினை ஏற்றிவிடுகிறோம். இசுசு போட்ட அம்பாசிடரைக் கம்பெனியே விற்றதுதானே, இதில் என்ன தப்பு என்று ஒரு சமாதானம் வேறு.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்சி (பதிவுச் சான்று) விவரம் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அந்தக் குறிப்பிட்ட வண்டி எந்த எஞ்சினோடு வந்ததோ அதுதான் கணக்கு; அதே பெயரில் பின்னால் வந்த மாடல் உதவிக்கு வராது. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி கிட்டுகளுக்குத் தனி விதி உண்டு. பெட்ரோலை டீசலாக்குவதற்கு அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை.

தேய்ந்துபோன எஞ்சினுக்குப் பதில் அதே மேக் (கம்பெனி), அதே வகை, அதே எரிபொருள் எஞ்சின் போடுவது வேறு விஷயம். ஆர்டிஓ அலுவலகத்தில் முதலிலேயே எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். மாற்றியபின் 14 நாளுக்குள் தெரிவித்து, புது நம்பரை ஆர்சியில் ஏற்றிவிடுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால் பைனான்ஸ்காரரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். காயலான் கடையில் எஞ்சின் எடுத்தால் பில்லும், அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பதற்கான ஆர்சி நகலும் இல்லாமல் தொடாதீர்கள். நம்பரைத் தேய்த்துவிட்டு மறுபடி பஞ்ச் அடித்த பிளாக் என்றால் விலை எவ்வளவு சல்லிசானாலும் வேண்டாம். அது திருட்டு வழக்கில் கொண்டுபோய் விடும்.

மாட்டிக்கொள்வது வண்டிக்காரர்தானே, நமக்கென்ன என்று இருக்க முடியாது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே பிரிவில், வாகனக் கட்டுமான விதிகளுக்குப் புறம்பாக வண்டியை மாற்றும் 'டீலருக்கு' வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வண்டி பழுது பார்ப்பவரும் அந்த 'டீலர்' என்ற சொல்லுக்குள் அடக்கம் என்று சட்டத்தின் 2ஆம் பிரிவே சொல்கிறது. அதைப் பலர் படிப்பதே இல்லை.

ரோட்டில் போலீஸ் கண்ணுக்குத் தப்பலாம். 15 வருடம் முடிந்தபின் ஐந்தைந்து வருடத்துக்கு ஆர்சி புதுப்பிக்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து நம்பர் பார்ப்பாரே, அங்கே தப்ப முடியாது. இன்சூரன்ஸிலும் இடிக்கும். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரை மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய்; 1500க்கு மேல் 7,897. பாலிசியில் 1489 என்று இருந்து பானெட்டுக்குள் 1817 இருந்தால், சொந்தச் சேத கிளைமை மறுக்கக் கம்பெனிக்கு நாமே காரணம் எழுதிக் கொடுத்ததாகும்.

ஏற்கெனவே மாற்றி ஓடும் வண்டிகளும் வேலைக்கு வருகின்றன. அவற்றில் முதலில் பிரேக்கைப் பாருங்கள். நாலு பக்கமும் டிரம் இருக்கும் பழைய வண்டியில் எஞ்சின் மட்டும் பெரிதானால், திருச்சி ரோட்டில் வேகத்தில் இரண்டு தடவை அழுத்தி மிதித்தாலே டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். அடுத்தது எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங். அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. தகட்டின் மேல் பிராக்கெட்டை வெறுமனே வெல்டு வைத்தால் வெல்டின் ஓரத்தில் விரிசல் ஓடும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டியிருந்தால் பேலன்ஸ் பண்ணியிருக்கிறார்களா, இரண்டு முனை யோக்கும் (கவையும்) ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஸ்ப்ளைனில் (பல் வெட்டிய இணைப்பில்) ஒரு பல் தள்ளி மாட்டினாலே வண்டி உதறும். யோக்குகளை இணைக்கும் கிராஸை மாற்றி மாற்றிப் பணம்தான் போகும். கியர்பாக்ஸ் வெளிவரும் கோணமும் பின் ஆக்சில் பினியன் கோணமும் இணையாக இல்லாவிட்டாலும் இதே உதறல்தான்.

எம்பிஎஃப்ஐ எஞ்சின் (கார்புரேட்டருக்குப் பதில் இஞ்ஜெக்டரால் பெட்ரோல் பீய்ச்சுவது) போட்டிருந்தால் பெட்ரோல் ஹோஸை உடனே பாருங்கள். கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோலின் அழுத்தம் அரை பாருக்கும் கீழே. இஞ்ஜெக்‌ஷனுக்கு 3 பார் அளவில் வரும். பழைய ரப்பர் ஹோஸும் சாதா கிளிப்பும் தாங்காது. அது கழன்றால் பெட்ரோல் சூடான மேனிஃபோல்டின் மேல் பீய்ச்சும். வண்டி எரிந்துபோக அது ஒன்று போதும்.

பாதிப் பேருக்குப் பெரிய எஞ்சினே தேவையில்லை. பிள்ளையார்பட்டி போய் வருவதற்குள் சூடேறுகிறது என்றால், பெரும்பாலும் ரேடியேட்டர் கோரில் உப்புக்காறை அடைத்திருக்கும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் வேறென்ன ஆகும்? கோரை மாற்றுங்கள், கூலண்ட் ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள். ஏசி வேண்டுமென்றால் டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் போட்டு, கண்டன்சர் ஃபேனுக்குத் தனி ரிலேயும் ஃப்யூஸும் கொடுங்கள். எஞ்சின் இளைத்திருந்தால் சிலிண்டரைப் போர் பண்ணி (உட்புறம் கடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். எஞ்சின் நம்பர் மாறாது.

இன்னொன்று. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய கார்களுக்கு 2021 ஜூலையில் விண்டேஜ் விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நம்பரில் 'விஏ' எழுத்து வரும். பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி கிடையாது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வளவுகளில் நிற்கும் கார்களில் எத்தனையோ 50 தாண்டியவை. அவற்றில் கை வைக்குமுன் ஆர்சியில் தேதியைப் பாருங்கள்.

ஏற்கெனவே இறக்கிய பழைய எஞ்சினைக் காயலானுக்கு எடை போட்டுவிடாதீர்கள். பிளக் ஓட்டைகளில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, எல்லா வாயையும் அடைத்து, தரையில் படாமல் மரக்கட்டை மேல் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிராங்க்கைக் கையால் சுற்றிவிடுங்கள். ஆர்சியில் இருக்கும் நம்பர் அந்த பிளாக்கில்தான் இருக்கிறது என்பதை வண்டிக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் வேலை பார்க்கும் சிலர்,
காரைக்குடி