அந்தப் பழைய சுவிட்சைத் திருப்பிக் கொடுங்கள்

பதிவு செய்த ஒலிகளைச் சுருதி மாற்றி வாசிக்கும் எங்கள் சாம்ப்ளர் மென்பொருளை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். 'எங்கள்' என்று எழுதிவிட்டேன். உரிமம் உங்களுடையதுதான், பழக்கதோஷம்.

புதிய பதிப்பில் என்ன மாற்றினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். செட்டிங்ஸில் இன்டர்போலேஷனுக்கு, அதாவது சுருதி மாறும்போது சாம்பிள்களுக்கு (பதிவான ஒலிப்புள்ளிகளுக்கு) நடுவில் வரும் மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்புவதற்கு, முன்பு மூன்று நிலைகள் இருந்தன: வேண்டாம், சாதாரணம், உயர்தரம். இப்போது அந்தச் சுவிட்சே இல்லை, எல்லாம் உயர்தரம். மாற்றங்களின் பட்டியலில் ஒலித்தரத்தை மேம்படுத்தியதாக ஒரு வரி மட்டும் போட்டிருந்தீர்கள்.

நான் பழைய சாம்ப்ளர்களின் சாயலில் பிரிசெட்டுகள், அதாவது திறந்ததும் வாசிக்கத் தயாரான ஒலி அமைப்புகள், செய்து இலவசமாகக் கொடுக்கிறேன். ஆறு வருடத்தில் 41 ஆகியிருக்கிறது. உங்கள் மேம்பாட்டுக்குப் பிறகு அவற்றில் 29 பழையபடி ஒலிக்கவில்லை. திறக்காமலே போயிருந்தால்கூடத் தேவலை. பிழை என்று ஒரு செய்தி வந்திருந்தால் ஜனங்கள் அப்டேட்டைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். இவையோ சத்தமில்லாமல் திறந்துகொண்டு, சுத்தபத்தமாக ஒலிக்கின்றன. பழி என் தலையில்.

உங்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் சுவிட்சைத் தூக்கியவருக்கு அது எதற்கு இருந்தது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அதனால் ஒரு டிரம் பிரிசெட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1987இல் வந்த ஈ-மு எஸ்பி-1200 என்ற டிரம் சாம்ப்ளரின் சாயலில் செய்தது. அந்த இயந்திரம் 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 26,040 சாம்பிள்), நினைவகம் மொத்தமே பத்து நொடிச் சொச்சம். இடம் போதாமல் என்ன செய்தார்கள்? நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவு செய்து, பிறகு இயந்திரத்துக்குள் சுருதியை இறக்கிக்கொண்டார்கள். பத்து நொடியில் பதின்மூன்று நொடிச் சரக்கு. சுருதி இறங்கும்போது நடுவில் வரவேண்டிய மதிப்புகளை அந்த இயந்திரம் கணக்கெல்லாம் போடாது, கையில் இருக்கும் சாம்பிளையே இன்னொரு தரம் போட்டு ஒப்பேற்றும். ஹிப்-ஹாப்காரர்கள் இன்றுவரை தேடி அலைகிற கரகரப்பில் பெரும்பங்கு அந்த ஒப்பேற்றலில் பிறந்ததுதான்.

நான் செய்ததும் அதே சிக்கனம்தான். ஒவ்வொரு டிரம்மையும் ஐந்து அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, 26.04க்குக் குறைத்து, 12 பிட்டுக்கு, அதாவது 4,096 படிகளுக்குள் அடக்கினேன். பிறகு உங்கள் சாம்ப்ளரில் இன்டர்போலேஷனை அணைத்துவிட்டு அதே அளவு கீழே இறக்கினேன். பாதி வேலை கோப்பில், மீதிப் பாதி உங்கள் சாம்ப்ளரில். நான் வேண்டுமென்றே விட்ட ஓட்டைகளை எல்லாம் இப்போது நீங்கள் பூசி மெழுகித் தருகிறீர்கள். கணக்குப்படி, சுருதி இறங்கியதும் பதிவில் மிஞ்சுவது சுமார் 9.6 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே கேட்ட பளபளப்பு முழுக்க அந்தக் கரகரப்பு கொடுத்தது. அதை எடுத்துவிட்டால் ஸ்னேர் போர்வைக்குள்ளிருந்து தட்டுவதுபோல் கேட்காமல் என்ன செய்யும்?

வந்த கடிதங்களில் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு குறும்படத்துக்கு இசையமைப்பவர், பாதிக்கு மேல் முடித்துவிட்டார். ராத்திரி சாம்ப்ளர் தானாக அப்டேட் ஆகிவிட்டது. காலையில் திறந்தால் இயக்குநர் ஏற்கெனவே சரி சொன்ன தாளமே காணோம். ஒப்படைக்க நான்கு நாள். "உங்களிடம் பழைய கோப்பு இருக்குமா?" என்று கேட்டார். பழைய கோப்பு, புதிய கோப்பு என்று எதுவுமில்லை ஐயா, இரண்டும் ஒரே கோப்பு என்று எப்படிச் சொல்வது? பழைய பதிப்பை இன்னும் வைத்திருந்த ஒரு நண்பரின் கணினியை இரவல் வாங்கினேன். 16 டிரம், ஒவ்வொன்றுக்கும் எட்டு அழுத்தம், ஆக 128 ஒலிகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பதிவு செய்தேன். மூன்று இரவு. அவர் ஒப்படைத்துவிட்டார். ஆனால் அந்த 128உம் உறைந்துபோன ஒலிகள்; அரைச்சுரம் நகர்த்தினால் உங்கள் மெழுகல் மறுபடி வந்துவிடும். மிச்சம் 28 பிரிசெட்டுக்கும் இப்படிச் செய்ய எனக்கு ஆயுசு போதாது.

இன்னொருவர் எழுதியது இன்னும் சுருக்கம்: காசுக்கு விற்பதற்காக இலவசத்தை நானே கெடுத்துவிட்டேனாம்.

உங்கள் உதவிப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார்கள், போட்டேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னார்கள். மூன்றாம் முறை, புதிய ஒலி இன்னும் தெளிவாக இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னார்கள். அதே வாரம் உங்கள் கட்டணத் தொகுப்பு வெளிவந்தது. பெயரிலேயே 'வின்டேஜ்', நடுவில் பெரிதாக ஒரு அழுக்குக் குமிழ். இருந்த அழுக்கைத் துடைத்துவிட்டு அழுக்கையே டப்பாவில் அடைத்து விற்கும் சாமர்த்தியத்துக்கு என் பாராட்டு. போகட்டும், மென்பொருளைத் திறந்ததும் கடை ஏன் முகத்தில் வந்து விழுகிறது? நான் செய்த பிரிசெட்டுகள் மட்டும் ஏன் மூன்றாவது மெனுவில் ஒளிந்திருக்கின்றன? மாதம் ஒருமுறை நான் நான்தான் என்று உங்களிடம் நிரூபிக்க வேண்டியது ஏன்?

சரி, அது வேறு சண்டை. மன்னிக்கவும்.

எஸ்எஃப்இசட் என்ற பொதுவான சாம்ப்ளர் கோப்பு வடிவத்துக்கு மாறிவிடு என்கிறார்கள் சிலர். நல்ல யோசனைதான். அது வெறும் எழுத்துக் கோப்பு, எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். ஆனால் என் ஃபில்டர், என்வலப் அமைப்புகள் எல்லாம் உங்கள் பூட்டிய கோப்புக்குள் இருக்கின்றன, அவற்றைக் கையால் பார்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். வாத்தியங்களும் கணினிகளும் பேசிக்கொள்ளும் பொது மொழியாக 1983இல் வந்த மிடியில் 60 என்ற எண் நடு சி என்றால், இன்றைக்கும் அது நடு சிதான். அந்தக் காலத்துக் கீபோர்டு இன்றைய கணினியோடு பேசுகிறது. போன வருடம் உங்கள் சாம்ப்ளரில் சேமித்த கோப்புக்கு மட்டும் இந்த வருடம் அர்த்தம் மாறிவிடுகிறது.

நான் கேட்பது இதுதான். இன்டர்போலேஷன் சுவிட்சைத் திருப்பிக் கொடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உயர்தரமே தானாக வரட்டும், ஆட்சேபணை இல்லை. ஆனால் பழைய கோப்பு திறந்தால் அதில் சேமித்திருக்கும் நிலைப்படியே ஒலிக்கட்டும். எந்தப் பதிப்பில் சேமித்தது என்ற எண் கோப்புக்குள் ஏற்கெனவே இருக்கிறது. திறக்கும்போது உங்கள் மென்பொருளே அதைக் காட்டுகிறது. அதைப் பார்த்து முடிவு செய்ய வைப்பது உங்களுக்குப் பெரிய வேலையாக இருக்காது என்று நம்புகிறேன். அடுத்த பதிப்பிலாவது அந்த ஒரு சுவிட்சை, தயவுசெய்து, திருப்பிக் கொடுங்கள்.

சோதித்துப் பார்க்க அந்த டிரம் பிரிசெட் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் இலவசம்தான்.

இப்படிக்கு,
41 பிரிசெட்டுகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் உங்கள் பயனர்